வெள்ளிக்கிழமை ஏற்றாத விளக்கு

லண்டனில் புளூஸ் கிட்டார் பழகுகிற வெள்ளைக்காரப் பெடியளிடம் பாலேந்திரா என்று சொல்லிப் பாருங்கள், எழுந்து நிற்பார்கள். நம்முடைய ஆட்களைக் கேட்டால், "ஆர், எட்மண்டன் பெற்றோல் ஸ்டேஷனில நிக்கிறவரோ?" என்பார்கள். நம் சனத்தைப் பற்றி வேறென்ன சொல்ல!

ஊரில் அவன் கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசித்த கிட்டார்காரன். எண்பத்து நான்கில் அகதியாக வந்திறங்கி, ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்தெழும்பினான். பெற்றோல் ஸ்டேஷன் ரேடியோவில் ஒரு நாள் புளூஸ், அமெரிக்கக் கறுப்பர்களின் துயரப் பாட்டு, கேட்டவன் அப்படியே நின்றுவிட்டான். அது அவனுடைய அம்மாவின் அழுகை. ஊரில் செத்த வீடென்றால் ஒப்பாரி வைக்க அந்த மனுசியைத்தான் தேடி வருவார்கள். அந்தக் குரல் இழுபட்டு, உடைந்து, இறங்குவதை அவன் கிட்டார்க் கம்பியில் பித்தளைக் குழாயை உரசி எடுத்தான். பப்களில் ஆறு வருஷம் வாசித்தான். யாரிடம் படித்தாய் என்று கேட்டவர்களுக்கு, "அம்மாவிடம்" என்று சொல்லிச் சிரிப்பான். பகிடி விடுகிறான் என்று அவர்களும் சிரிப்பார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில்தான் அந்த வாய்ப்பு வந்தது. சிகாகோவில் இருந்து வந்திருந்த எல்ரோய் என்ற கிழவர், பெரிய புளூஸ்காரர், அவன் வாசிப்பைக் கேட்டுவிட்டு விடமாட்டேன் என்றார். ஞாயிறு மத்தியானம் பப்பில் இருவரும் சேர்ந்து வாசிப்பது, அதை அப்படியே ரெக்கோர்டாகப் பிடிப்பது என்று முடிவானது. திங்கட்கிழமை கிழவருக்கு விமானம். இந்த ஞாயிறு போனால் போனதுதான்.

புதன்கிழமை ஊர்க்காரர் கணேசலிங்கம் கடிதத்தோடு வந்தார். ஆனி மாதம் சண்டை தொடங்கியதில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லை. கொழும்பால் வருகிறவர்களின் கையில்தான் கடிதம். பாலேந்திரா வேலையில் இருந்தான். அவன் மனைவி தவநாயகி கதவருகிலேயே நின்று பிரித்தாள். மச்சாளின் எழுத்து. பன்னிரண்டு நாளுக்கு முதல் அம்மா காய்ச்சலில் மோசம் போயிட்டா, மருந்து எடுக்க ஏலாமல் போயிட்டுது என்று இருந்தது.

மாமி செத்ததுக்கு அழக்கூட அவளுக்கு முதலில் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணுக்குள் நின்றது. சித்தப்பா செத்த துடக்குக்கே, தீட்டென்று முப்பத்தொரு நாள் கிட்டாரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டவன். பெற்ற தாயின் துடக்கில் அதைத் தொடுவானா?

"அண்ணை, ஞாயிறு முடியும் வரைக்கும் வாய் திறவாதேங்கோ."

"என்ன பிள்ளை, பெத்த தாயெல்லே! பாவமடி."

"பாவம் என்ர தலையில கிடக்கட்டும்."

கடிதத்தை அரிசி வாளிக்குள் புதைத்தாள். மாலையில் வந்தவன், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே, நாலு மாதமாகத் தினமும் கேட்பதைக் கேட்டான்.

"கடிதம் ஏதும் வந்ததே?"

"இல்லையப்பா."

வியாழனும் அதே கேள்வி, அதே பொய். அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் கடிதத்தை இன்னும் ஆழத்துக்குத் தள்ளினாள். வெள்ளி மாலை, வழமையாக விளக்கேற்றும் சாமிப் படத்தட்டுக்கு முன்னால் நெருப்புப் பெட்டியோடு நின்றாள். செத்த வீட்டுத் துடக்கு அவளுக்கும்தானே, துடக்கோடு விளக்கு வைக்கக் கூடாது. புருஷனிடம் பொய் சொல்லலாம், பிள்ளையாரிடம் எப்படிச் சொல்வது? குச்சியைக் கிழிக்கவே கை வரவில்லை. விளக்கை அப்படியே விட்டுவிட்டுக் குசினிக்குள் சமைக்கப் போய்விட்டாள்.

அன்று பாலேந்திரா வந்து முகம் கழுவினான், சாப்பிட்டான். கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். சனிக்கிழமையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, ஏன் கேட்கவில்லை என்ற பயம் அவளைத் தின்னத் தொடங்கியது. கணேசலிங்கம் சொல்லிவிட்டாரோ? சொல்லியிருந்தால் இந்த மனுசன் இப்படிச் சும்மா இருப்பாரா? யாரிடம் கேட்பாள் பாவம்!

ஞாயிறு மத்தியானம் பப் நிறைந்து வழிந்தது. கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கடைசி மேசையில் ஒடுங்கி இருந்தாள். கிழவரோடு நாலு பாட்டு வாசித்தான். சனம் மேசையில் தட்டியது. ஐந்தாவதில் கிழவர் கையைக் காட்டி அவனைத் தனியே விட்டார்.

முதல் இழுப்பிலேயே அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவன் வழமையாக வாசிப்பதில் ஒப்பாரியின் வாசனைதான் இருக்கும். இது ஒப்பாரியேதான். மாமி பிணத்தின் தலைமாட்டில் இருந்து, "என்ர ராசாத்தி" என்று தொடங்கி, நெஞ்சில் அடித்து, மூச்சு முட்டி இறங்குகிற அந்த முழு ஒப்பாரி. அவன் கண்ணைத் திறக்கவேயில்லை. தவநாயகி புதன்கிழமையில் இருந்து அடக்கி வைத்திருந்தது வெடித்தது. அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில் வாய்விட்டுக் கதறினாள்.

முடிந்ததும் பப்பின் பின்வளவில் கடிதத்தை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"எப்ப?" என்று மட்டும் கேட்டான்.

"போன மாசக் கடைசியில. உங்களுக்கு... ஆர் சொன்னது?"

"நீர் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கேல்லை. துடக்கை என்னட்டை மறைக்கிறீர் எண்டா அம்மாதானே."

"அப்ப ஏனப்பா என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டா நீர் சொல்லியிருப்பீர். சொன்ன பிறகு என்னால வாசிக்க ஏலாது." அதைச் சொல்லிவிட்டு, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சின்னப் பிள்ளையைப் போல அழுதான்.

அன்று போய்த் தலை முழுகியவன் முப்பத்தொரு நாளும் கிட்டாரைத் தொடவில்லை. அதற்கிடையில் ரெக்கோர்டு கம்பனியில் இருந்து போன் வந்தது. ஐந்தாவது பாட்டு அபாரம், ஆனால் கடைசியில் ஒரு பெண் அழுகிற சத்தம் விழுந்திருக்கிறது, வெட்டிவிடுகிறோம் என்றார்கள்.

தவநாயகி பக்கத்தில்தான் நின்றாள். வெட்டச் சொல்லுங்கோ என்று கையால் காட்டினாள்.

அவன் வெட்ட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். பிறகு அவளைப் பார்த்து, "ஊரெல்லாம் போய் அழுத மனுசி. அவவுக்கு எண்டு என்ர வீட்டில இருந்து வாய்விட்டு அழுதது நீர் ஒராள்தான்" என்றான்.