சிவப்பு மையில் எழுதிய வி.டி.ஆர்.எல்.

லேப் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதில் பாதிக் கோபம் என்மேல்.

அப்போது உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் இருந்தேன். வெள்ளறடைக்கு மேலே, காட்டோரத்தில் ரப்பர் வெட்டும் ஸ்டெல்லாபாய் வந்தாள். மேலண்ணத்தில் மாதக்கணக்கில் ஆறாத புண். தொண்டைவரை இறங்கிக் குரலும் கம்மிவிட்டது. டாக்டர் வி.டி.ஆர்.எல். எழுதினார். உடலுறவில் தொற்றும் மேகநோயை, அதாவது சிஃபிலிஸைக் கண்டுபிடிக்க முதலில் செய்யும் ரத்தப் பரிசோதனை அது. லேசாக ரியாக்‌ஷன் தெரிந்தது.

ரியாக்டிவ் என்றால் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போடுவது எங்கள் லேப் பழக்கம். கவுண்டரில் யார் கை நீட்டினாலும் சீட்டைக் கொடுத்துவிடுவோம். ரத்தச் சீரத்தை நீர்க்கச் செய்து எத்தனை மடங்குவரை ரியாக்‌ஷன் நிற்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். குறைந்த மடங்கிலேயே மறைந்தால் அது பொய்யாகவும் இருக்கலாம். சோம்பல், பார்க்கவில்லை. அன்று கை நீட்டியவன் அவள் புருஷன் தங்கராஜ்.

மறுநாள் அவனுக்கும் பரிசோதித்தோம். ஒன்றுமில்லை. லேப் வாசலிலேயே கத்தினான்.

"எட்டி, எனக்கு இல்லாத்த தீனம் உனக்கு எங்க இருந்து கிட்டிச்சு?"

"கர்த்தர் சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அழுதாள்.

அவன் தங்கை அந்தச் சீட்டைப் போட்டோ பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். அந்த வாரமே ஸ்டெல்லாபாயை அண்ணன் வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள்.

வாரம் ஒன்றாக மூன்று பெனிசிலின் ஊசி போட்டும் புண் பெரிதானதே தவிர ஆறவில்லை. முதல் ரிப்போர்ட்டே பொய்யோ என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறுதிப்படுத்தும் டி.பி.எச்.ஏ. பரிசோதனைக்கு டாக்டரிடம் கேட்டேன்.

"ரியாக்டிவ் அல்லே? பின்ன எந்தினா வேற டெஸ்ட்?" என்று மலையாளத்தில் மறுத்துவிட்டார்.

அவர் சம்மதம் இல்லாமலே செய்தேன். நெகட்டிவ். மேகநோய் இருந்திருந்தால் மூன்று ஊசிக்குப் பிறகும் இந்த டெஸ்ட் பாசிட்டிவாகத்தான் காட்டும். அந்தத் தாளை மேஜையில் வைத்த பிறகுதான் டாக்டர் புண்ணிலிருந்து ஒரு துண்டு எடுத்தார். அதை ஸ்லைடில் ஒற்றி ஜீம்சா சாயம் போட்டுப் பார்த்தேன். பெரிய செல்களுக்குள் பொடிப்பொடியாக உருண்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியும் பக்கத்தில் சிறு குச்சியும். லீஷ்மேனியா. காட்டோரத்து மணல் ஈ கடித்து வரும் ஒட்டுண்ணி. மெடிக்கல் காலேஜிலும் அதையே உறுதி செய்தார்கள். இந்த ஒட்டுண்ணி, மலேரியா, தொழுநோய் எல்லாமே வி.டி.ஆர்.எல்.லைப் பொய்யாக ரியாக்டிவ் காட்டக்கூடும். படிக்கிற காலத்தில் என் நோட்டிலேயே எழுதிவைத்த விஷயம்தான்!

"ரேர் கேஸாக்கும்" என்று டாக்டர் ஸ்லைடைக் கருத்தரங்குக்கு வாங்கிக்கொண்டு போனார். அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இன்றும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சிகிச்சையில் புண் ஆறியதும், மேகநோய் இல்லை என்ற கடைசி ரிப்போர்ட்டை வாங்க அவள் வந்தாள். தங்கராஜும் வந்திருந்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பேனா ஸ்டாண்டைக் காட்டினாள்.

"இல்லைங்கியதையும் சொவப்பு மையில எழுதுங்க சிஸ்டரே. உண்டுன்னு அப்பிடித்தானே எழுதினிய?"

எழுதி, அடிக்கோடும் போட்டேன். தங்கராஜ் பழக்கதோஷத்தில் கை நீட்டினான்.

"இது உங்க ரிப்போர்ட் இல்லை" என்றேன்.

சீட்டை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் போட்டோ பிடித்து அதே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, அண்ணன் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

பிள்ளைகளே, ரிப்போர்ட்டை யாருடைய ரத்தமோ அவர் கையில் மட்டும் கொடுங்கள். கொடுக்கும் முன் இன்னொரு தடவை பாருங்கள்.