பதினாறாவது மாடியில் பொங்கிய பால்

இன்று காலை சிங்கப்பூரில், பதினாறாவது மாடியில், ஓர் அடுப்பு என் பித்தளைப் பானையைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்டது!

(கேட்டது என்றால், 'பீப் பீப்' என்றது. அர்த்தம் அதுதான்.)

மகள் பவானியின் புது வீட்டில் பால் காய்ச்சும் நாள். மருமகன் பிரேம் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து உலு திராமிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் நேற்றே போய்விட்டோம்.

நான் எதையும் எழுதி வைத்துச் செய்கிறவள். விபூதி, குங்குமம், சூடம், குத்துவிளக்குத் திரி என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாய் டிக் அடித்துத்தான் மூட்டை கட்டினேன்.

என்ன அடுப்பு என்று மட்டும் கேட்கவில்லை!

"அம்மா, இது இண்டக்‌ஷன். காந்தம் ஒட்டுற பாத்திரம் வெச்சாத்தான் சுடும்."

"பித்தளைக்கு என்னடி கொறச்சல்? என் கல்யாணத்துக்கு வாங்குனது. இன்னி வரைக்கும் பொங்காம இருந்ததே இல்ல!"

"பானை மேல தப்பே இல்லம்மா. அடுப்புக்குத்தான் பித்தளை தெரியல."

நல்ல நேரம் ஏழரைக்கு முடிகிறது. மணி ஆறே முக்கால்!

பிரேம் ஒரு எவர்சில்வர் சட்டியை நீட்டினார். "அத்தை, இதுல வெச்சிடலாமா?"

நான் பார்த்த பார்வையில் அவரே அதைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டார். பக்கத்து வீட்டில் காஸ் அடுப்பு இருக்குமா என்று கேட்கக் கிளம்பிவிட்டார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று நினைப்பீர்கள். காரணம் உண்டு.

பவானிக்கு அங்கே குடியுரிமை கிடைக்கப்போகிறது. அதற்கு மலேசியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். "நீங்க சொன்னாத்தான் போடுவேன்மா" என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

போட்டுவிட்டால், அவள் பிறந்த ஊருக்கே வெளிநாட்டுக்காரியாகத்தானே வருவாள்?

அதனால் மாரியாத்தாளிடம் மனதுக்குள் ஒரு கேள்வி வைத்திருந்தேன். பால் ஜன்னல் பக்கம் பொங்கினால் 'வேண்டாம்'. வாசல் பக்கம் பொங்கினால் 'சரி'. அதை என் கல்யாணப் பானைதான் சொல்ல வேண்டும்; வேறு சட்டியை நான் நம்பவில்லை.

ஏன் ஜன்னல் என்றால், அந்த ஜன்னலைத் திறந்தால் நீரிணை. அதற்கு அந்தப் பக்கம் ஜொகூர்! நம் ஊர்க் கூரைகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

அங்கே நின்றபோதுதான் எனக்குப் பழையதெல்லாம் வந்தது.

கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் நானும் அந்தத் தீவில் வேலை பார்த்தவள். விடியுமுன் ஜொகூர் பாருவில் ஃபேக்டரி பஸ் ஏறுவோம். இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்தின் ஓரமாக, சிங்கப்பூருக்கு நம் தண்ணீரைக் கொண்டுபோகும் குழாய்கள் கூடவே வரும். நம் தண்ணீரும் நாமும் சேர்ந்தே வேலைக்குப் போகிறோம் என்று சிரித்துக்கொள்வோம்.

'வெளிநாடு' என்றதும் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு லீவு நாளில் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நாடே முடிந்து கடல் வந்துவிட்டது!

பள்ளியில் நான் அதிகம் படிக்கவில்லை. அந்த ஊர்ப் பலகைகளில் நான்கு மொழி இருக்கும். தமிழைப் படித்து, மேலே இருக்கும் ஆங்கிலத்தோடு பொருத்திப் பார்த்து, அப்படித்தான் ஆங்கிலம் கற்றேன். 'அபாயம்', 'உள்ளே வராதீர்' எல்லாம் நன்றாக வரும். (இன்றைக்கும் என் ஆங்கிலத்தில் கொஞ்சம் மிரட்டல் இருக்கும் என்பாள் பவானி.)

மதியம் ஃபேக்டரிக்குப் பின்னால் கடலோரம் உட்கார்ந்து சாப்பிடுவோம். கூட வேலை செய்த சீனப் பெண் ஆ மெய், என் புளிச்சோற்றைப் பிடுங்கிக்கொண்டு அவள் மீன் உருண்டையை என் டப்பாவில் போடுவாள். அந்தக் கடலோரம் இப்போது இல்லை. தூர்த்துக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். ஆ மெய் எங்கே இருக்கிறாளோ!

என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். பல வருடம் காய்கறி லாரி ஓட்டி அந்த ஊருக்குச் சோறு போட்டவர்.

"தண்ணி குடுத்தோம், கீர குடுத்தோம், முட்ட குடுத்தோம். இப்ப பொண்ணையும் கேக்குறானுங்க லா!" என்றார்.

சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

அப்போது பிரேம் வந்தார். பின்னால் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி காக் சாரா, கையில் குட்டி காஸ் அடுப்போடு!

"அலமாக்! பாக்காய் சாஜா லா, காக்!" என்றார். 'அடடா, தாராளமாகப் பயன்படுத்துங்கள், அக்கா' என்று அர்த்தம். என் பானையைத் தடவிப் பார்த்து, "சந்தேக்!" என்றார். அழகாம்!

(பிறகு அவரை விடுவேனா? உட்கார வைத்துவிட்டேன்.)

மணி ஏழு பத்து. பானை ஏறியது. நான் பானையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னலா, வாசலா?

அவசரத்தில் பவானி தீயை முழுதாகத் திருப்பிவிட்டாள். பால் நுரைத்து எழுந்தது...

நான்கு பக்கமும் பொங்கி வழிந்தது!

ஜன்னல் பக்கம், வாசல் பக்கம், சுவர்ப் பக்கம், எல்லாப் பக்கமும்! மாரியாத்தா கேள்வித்தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார் பிரேம். காக் சாரா கை தட்டினார்.

பவானி மட்டும் பானையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். நான் எதையோ வேண்டிக்கொண்டு நின்றது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற பிள்ளை அல்லவா!

"எந்தப் பக்கம்மா பொங்குச்சு?"

துணியை எடுத்து வழிந்ததைத் துடைத்தேன். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஒம் பக்கம்தான்மா. போய்க் கையெழுத்துப் போடு."

அவள் என் தோளில் முகம் வைத்து அழுதாள். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. அவள் நின்ற பக்கமும் பொங்கியிருந்ததே!

ஆத்தாவும் ஒரு தாய்தானே. கோபித்துக்கொள்ள மாட்டாள். என்ன சொல்கிறீர்கள்?