மாலை போட்ட முகம்

சிராங்கூன் ரோட்டில் படம் வரையும் சுந்தரத்திடம் ஆட்கள் வருவது பெரும்பாலும் செத்தவர்களுக்காகத்தான். போட்டோ இருந்தால் அதைப் பார்த்து வரைவார். போட்டோவே எடுக்காமல் போய்ச் சேர்ந்தவர் என்றால்? சவரக் கண்ணாடியை எதிரே சாய்த்து வைத்துத் தன் முகத்தையே வரைந்துவிடுவார் மனுஷன். அடையாளம் கேட்டுக்கொண்டு காதோரம் ஒரு மச்சம், நெற்றியில் ஒரு தழும்பு சேர்ப்பார். மழை பெய்யும் மத்தியானங்களில் கண்ணாடிக்குள் இருப்பது தானா, இன்னும் வரைந்து முடிக்காத யாரோவா என்று அவருக்கே பிடிபடாது. அந்த மயக்கம் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் மாட்டிக்கொண்டார். கெர்போ ரோட்டு அன்னம்மாவின் மகளுக்குப் பரிசம் போட்ட அன்று, போயிருந்த சுந்தரத்தின் மனைவி பூவம்மா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பூத்தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள். தன் புருஷனுடைய அதே முறுக்கு மீசை, அதே தூக்கக் கண். கழுத்தில் மல்லிகை மாலை, முன்னால் விளக்கு.

"உசுரோட இருக்கிற மனுஷனுக்கு மாலை போட்டுக் கும்பிடறாங்க. நான் என்ன, தாலியக் கழட்டி வச்சிரவா?" என்றாள் வீட்டுக்கு வந்து. அந்த மூஞ்சியை மாற்றுகிறவரை தன் கையால் சோறு கிடையாது என்றும் சொல்லிவிட்டாள். பயந்துபோயிருந்தாள், பாவம்.

மறுநாள் காலையில் தூரிகையும் சாயமுமாய்ப் போனார். "படம் வெளுத்திருக்கும்மா, கொஞ்சம் சரி பண்ணித் தரேன்" என்று புளுகினார். அன்னம்மா படத்தை இறக்கி, முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை. அவள் புருஷன் துரைசாமியை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். உடம்பும் வரவில்லை, சேதியும் வரவில்லை. கருமாதிகூட நடக்கவில்லை.

"உங்க ஜாடை இருக்குன்னு எனக்கும் தெரியும்ணே. இருந்துட்டுப் போகுது. அவர் முகம் எனக்கு மறந்தே போச்சு. இப்பக் கண்ணை மூடினா இதுதான் வருது. இதுலயும் கை வச்சிடாதீங்க."

சுந்தரம் தூரிகையைப் பையைவிட்டு எடுக்காமலே வெளியே வந்தார். கனவில் யாரோ கூட்டிப் போகிற மாதிரி நடந்து, ரோட்டு முனையில் கடைகளுக்கு முன்னால் கண்ணாடி மாட்டி முடிவெட்டுகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மீசையை எடுத்துடுங்க."

இருபது வருஷ மீசை. நம்மவர்கள் மீசையை எடுப்பது துக்கத்துக்குத்தான். முடிவெட்டுகிறவர் கத்தியை நிறுத்தி, "யாருண்ணே தவறிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

சுந்தரம் கண்ணாடியில் இருந்த மீசைக்காரரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துரைசாமின்னு ஒருத்தர். சயாம்ல. இன்னிக்குத்தான் சேதி வந்துச்சு."

வீட்டுக் கதவைத் திறந்த பூவம்மா, யாரோ அந்நிய ஆள் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அப்புறந்தான் அடையாளம் தெரிந்தது.

"அந்த முகத்தைத் துரைசாமிக்கே குடுத்துட்டு வந்துட்டேன் புள்ள" என்றார்.

அவள் அவருடைய வெறும் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"உள்ளே வராதீங்க. முதல்ல குளிச்சிட்டு வாங்க, சோறு போடறேன்."