முப்பத்தெட்டாவது படம்

இராஜமாணிக்கத்தின் கை மெத்தென்ற கை. ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவன் அளவுக்குப் பட்டையை மெல்லிசாகச் சீவ ஆளில்லை. கத்தி கொஞ்சம் அழுந்தி மரம் காயப்பட்டால் அந்த இடத்தில் முண்டு விழுந்துவிடும், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் நாறடித்துவிடுவார். பன்னிரண்டு வயசில் கத்தி பிடித்தவன், இருபத்தேழு வயசு வரைக்கும் ஒரு ஏச்சு வாங்கியதில்லை. எதைத் தொட்டாலும் அழுத்தாமல்தான் தொடுவான். அந்தக் கைதான் அவன் தலையில் மண்ணைப் போட்டது.

எழுபதாம் வருஷம். நீல ஐசி, அதாவது குடியுரிமை அடையாள அட்டை, இல்லாதவர்கள் இனிமேல் பெர்மிட் இருந்தால்தான் வேலை செய்யலாம் என்று ஆகிவிட்டது. இராஜமாணிக்கம் இந்த மண்ணில் பிறந்தவன், நீல ஐசிக்காரன். அவன் அக்காள் மயிலம்மாள் நாலு வயசில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த பிள்ளை. அவளுக்கும் புருஷன் சன்னாசிக்கும் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டை. நீலத்துக்கு மனுப் போடச் சொல்லி ஊரே கத்தியபோது, ஆபீசுக்கு அலைந்தால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று சும்மா இருந்துவிட்டான் சன்னாசி. அவனை என்ன சொல்லித் திட்டுவது? தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

பெர்மிட் கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் என்று முடிவாகிவிட்டது. தாய் செத்த பிறகு இராஜமாணிக்கத்தை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் மயிலம்மாள். அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ரந்தாவ் ஸ்டூடியோவுக்குப் போய் எல்லாருமாக ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"ஸ்டூடியோ எதுக்குக்கா? நானே கேமரா வாங்கி எடுக்கறேன்," என்றான் இவன்.

அக்காளுக்காகத்தான் சொன்னான். ஆனால் பொய் சொல்வானேன், அவனுக்காகவும்தான் சொன்னான். கல்யாண வீடுகளுக்கு வரும் ரந்தாவ் படக்காரருக்கு நாற்காலி துடைத்துப் போடுவார்கள், முதல் பந்தியில் இலை போடுவார்கள். கழுத்தில் கேமராவோடு அப்படி நடக்க வேண்டும் என்று வெகுநாளாக அவனுக்கு ஓர் ஆசை. பால் மாட்டை விற்ற காசோடு சிரம்பானுக்கு பஸ் ஏறினான்.

கேமராக் கடையில் சீன முதலாளி தவுக்கே கண்ணாடிமேல் இரண்டு கேமராவை எடுத்து வைத்தான். ஒன்று சின்னது. ஃபிலிம் ஒரு டப்பாவுக்குள்ளேயே இருக்கும். டப்பாவை உள்ளே போட்டு மூடினால் வேலை முடிந்தது. இன்னொன்று கனத்த எஸ்.எல்.ஆர். அதில் ஃபிலிமை நாமே இழுத்து மாட்ட வேண்டும், வெளிச்சம் பார்த்து வளையத்தைத் திருக வேண்டும். புது ஆளுக்குச் சின்னதுதான் சரி, இது சூசா, கஷ்டம், என்று பெரியதைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினான் தவுக்கே. பாவம், வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு நியாயம் சொன்ன மனுஷன்.

இவன் காதில் அது ஏறவில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி போட்டிருந்த தூபம் அப்படி. கிராணி ஆயுசில் கேமராவைத் தொட்டவரில்லை, பத்திரிகையில் படித்ததோடு சரி. ஆனால் பெரியதில் கண்ணால் பார்ப்பது அப்படியே படத்தில் விழும், சின்னது பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று அடித்துச் சொல்லியிருந்தார். இராஜமாணிக்கம் பெரியதைக் கண்ணில் வைத்தான். தெருவில் போன சைக்கிள்காரனின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. அதோடு முடிந்தது கதை.

முதல் சுருளைத் தவுக்கேயே மாட்டிக் கொடுத்தான். அதில் கோயிலையும் மரங்களையும் எடுத்துப் பழகினான். அக்காளைக் கூப்பிட்டதற்கு, அழுக்குச் சேலையில் வேண்டாம், போகிற அன்றைக்கு நல்லதாக உடுத்திக்கொண்டு நிற்கிறேன் என்றுவிட்டாள். படங்கள் பளிச்சென்று வந்தன. தோட்டமே பார்த்துப் பாராட்டியது. தலைகால் புரியவில்லை அவனுக்கு.

போகிற நாள் காலை. லயத்து வாசலில் லோரி நிற்கிறது. புதுச் சுருளை அவனே மாட்டினான். நுனியை உருளையின் வெட்டுக்குள் நன்றாகச் சொருகி, பற்களில் பதியும்படி இழுத்துவிட வேண்டும். மரத்தை நோகடிக்காத கை இல்லையா? கிழிந்துவிடுமோ என்று பயந்து, பட்டையில் கத்தி வைப்பது போல மெதுவாக வைத்து மூடினான்.

மயிலம்மாள் அரக்குச் சேலையில் வந்தாள். புருஷனோடு நின்றாள், பிள்ளைகளோடு நின்றாள், அடுப்படியில் நின்றாள், அம்மாவைப் புதைத்த இடத்தில் நின்றாள். கேமராவில் எண் ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போயிற்று. முப்பத்தாறோடு நிற்க வேண்டியது, அதையும் தாண்டி ஓடியது. தவுக்கே தாராளமாகப் போட்டிருக்கிறான் என்று மகிழ்ந்துபோனான், அறிவு கெட்டவன்.

முப்பத்தெட்டாவதைச் சொல்ல வேண்டும். மயிலம்மாளுக்கு முன்பல் ஒன்று இல்லை. சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். லோரியில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, கையை எடுக்கா என்றான். எடுத்தாள். வாய் நிறையச் சிரித்தாள். கிளிக் என்றது.

"மறக்காம அனுப்பி வைடா தம்பி," என்றாள். "அங்க என்னைத் தெரிஞ்சவங்க யாருமில்ல. இங்க எப்படி இருந்தேன்னு நானே பாத்துக்கணும்லா."

லோரி போய்விட்டது.

அடுத்த வாரம் சிரம்பான் கடையில் தவுக்கே கழுவிய ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். கோசோங், காலி, என்றான். ஒரு புள்ளி இல்லை. கண்ணாடித் தாளாக இருந்தது. நுனி பிடிக்கவே இல்லை, எண் மட்டும்தான் ஓடியிருக்கிறது, ஃபிலிம் ஒரு விரல்கூட நகரவில்லை என்று விளக்கினான். அந்தச் சின்னக் கேமரா இன்னமும் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. இராஜமாணிக்கம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அக்காள் சொல்லச் சொல்ல யாரோ எழுதிய முதல் கடிதம் வந்தது. படம் வந்ததா என்று கேட்டிருந்தாள். கழுவக் கொடுத்திருக்கிறேன் என்று எழுதினான். அடுத்ததற்கு, அனுப்பிவிட்டேன் என்று எழுதினான். இல்லை என்று எழுத மனசு வரவில்லை, அப்புறம் ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய். தபாலில் தொலைந்திருக்கும், மறுபடி அனுப்பினேன், நீயே போய் விசாரித்துப் பார். அவளும் மூன்று மைல் நடந்து தபாலாபீசில் விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

கேமரா ஆணியில் தொங்கியது. கண்ணாடிக்குள் பூஞ்சணம் பூத்தது. ஒரு கல்யாணத்துக்கும் அது போகவில்லை. இவன் விடிந்தால் பால்மரம் சீவப் போனான், திரும்பி வந்தான். அவ்வளவுதான் அவன் வாழ்க்கை.

எழுபத்தெட்டில் சன்னாசியின் கடிதம் வந்தது. மயிலம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். பாஸ்போர்ட்டில் இருந்த படத்தைக் கரையான் அரித்துவிட்டது. போன மாதம்கூடத் தபாலாபீசுக்குப் போய் வந்தாள். நீ எடுத்த படத்தில் ஒன்று அனுப்பு, மாலை போட வேண்டும்.

இராஜமாணிக்கம் பெட்டியில் வைத்திருந்த அந்த வெற்று ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து முதல் தடவையாக நுனியிலிருந்து கடைசிவரை பார்த்தான். பிறகு உட்கார்ந்து எழுதினான்.

"மாமா, படம் இல்ல. என்னைக்குமே இருந்ததில்ல. அக்கா எட்டு வருசம் சும்மா நடந்துச்சு."