அன்னத்தாய் எண்ணெய் பூசிய தரை

அன்னத்தாய் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேனேஜர் ஜெபமணி சொல்லிவிட்டார்: "இது ஆஸ்பத்திரி இல்ல. வயசானவுக குடியிருக்கிற வீடு. ஆளுக்கு ஒரு ரூம், அவுகவுக சாவி அவுகவுககிட்ட. கூப்பிட்ட குரலுக்கு நீ போய் நிக்கணும்." சொன்னதில் ஒரு குத்தமும் இல்லை. தேனியில் போடி ரோட்டை ஒட்டி, பஜாரில் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் டிரஸ்ட் வைத்துக் கட்டிய பதினாலு ரூம். மூன்று ஆயா என்று பேப்பரில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது அன்னத்தாய் ஒருத்திதான்.

வடுகபட்டிக்காரி. பிள்ளை குட்டி கிடையாது. புருசன் போனபிறகு போடியில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் எழுபத்தி நாலாம் வருசம் இங்கே வந்தாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். யாருக்குச் சோற்றைக் குழைக்கணும், யாரை எத்தனை மணிக்குக் கக்கூசுக்குக் கூட்டிப்போகணும், யார் மாத்திரையை மெத்தைக்கடியில் ஒளிக்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வருசத்துக்கு ஒருதரம் கவர்மெண்டு ஆபீசர் சோதனைக்கு வருவார். வருகிற தேதி முன்கூட்டியே தபாலில் வந்துவிடும், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! தபால் வந்ததும் வராந்தாவின் சிவப்புச் சிமெண்ட் தரைக்கு யோகம்தான். தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்க்கவேண்டும். நல்ல நாள் என்றால் அந்தக் குடும்பத்தார் கடைத் தரையை அப்படித்தான் தேய்ப்பார்கள். அவர்களுக்குச் சுத்தம் என்றாலே பளபளப்பு. ஆபீசர் நிரப்புகிற பாரத்திலும் 'தரை சுத்தமாக உள்ளதா?' என்று ஒரு கட்டம் உண்டு. யாராவது விழுந்தார்களா என்று கேட்க அதில் கட்டமே கிடையாது.

எண்பதாம் வருசம் அந்த எண்ணெய்த் தரையில்தான் ராமுத்தாய்க் கிழவி விழுந்தாள். பதினெட்டு நாள் கிடந்து செத்துப்போனாள். "யாரு கேட்டாலும் தலைச்சுத்தல்னு சொல்லு. இல்லேன்னா ஹோமையே மூடிருவாக, அம்புட்டுப் பேரும் ரோட்டுலதான்" என்றார் ஜெபமணி. அன்னத்தாயும் அப்படியே சொன்னாள். அன்றையிலிருந்து அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் போவாள்.

மறுவருசம், எண்பத்தொன்றில், மறுபடியும் தபால் வந்தது.

"சார், இந்தத் தடவை எண்ணெய் வேணாம் சார். சோப்பு போட்டு நல்லாக் கழுவி விட்டுர்றேன்."

"வர்ற ஆபீசருக்கு வெறும் தரையையா காட்டுறது? சொன்னதைச் செய்."

"சீனிச்சாமி ஐயா கம்பு ஊனி நடக்குறவுக. கம்பு வழுக்கிரும் சார்."

"அவரை ரூமுக்குள்ளயே இருக்கச் சொல்லு. போ, போ."

வேலை போய்விட்டால் எங்கே போவாள்? தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தரையில் அவள் முகமே தெரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாள்.

சீனிச்சாமி குச்சனூர்ப் பக்கம் வெள்ளாமை பார்த்த சம்சாரி. மகன்மார் மலையாளத்துப் பக்கம் எஸ்டேட்டில் தங்கிவிட்டார்கள். மகா வைராக்கியக்காரர். வேறு யார் சோறு கொண்டுபோனாலும் தட்டு அப்படியே திரும்பி வரும். அன்னத்தாய் வந்து உட்கார்ந்தால்தான் நாலு வாய் இறங்கும்.

"ஐயா, ஆபீசர் போறவரைக்கும் கட்டிலை விட்டு எறங்கக் கூடாது. ஒங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்."

"என்ன ஆத்தா, என்னையும் நோயாளியாக்கிட்டியா?" என்று சிரித்தார்.

பத்து மணிக்கு ஆபீசர் வந்தார். தரையைப் பார்த்ததும் அவர் முகமும் பளபளத்தது. காபி கொண்டுவர அன்னத்தாயை அடுப்படிக்கு விரட்டினார் ஜெபமணி.  காபியை ஆற்றும்போதும் அவள் காது வராந்தாவிலேயே இருந்தது.

சீனிச்சாமியின் ரூம் வாசலில் நின்று, "பெரியவர் படுத்த படுக்கையோ?" என்று ஆபீசர் கேட்டது அடுப்படிவரை கேட்டது. போச்சுடா!

"யாரு படுக்கை? இந்தா பாருங்க!" என்ற சீனிச்சாமியின் குரலும், கம்பு ஊன்றுகிற சத்தமும் கேட்டன.

அன்னத்தாய் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஐயா, அங்கனயே நில்லுங்க!"

கம்பு முதலில் போனது. பின்னாலேயே அவர். இடுப்பெலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

ஆபீசர் பதறிப்போய்க் குனிந்தார். "என்ன ஆச்சு பெரியவரே?"

சீனிச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு அன்னத்தாயைப் பார்த்தார். எண்ணெய் விசயம் வெளியே வந்தால் முதலில் யார் தலை உருளும் என்று அவருக்குத் தெரியாதா? "ஒண்ணுமில்லைய்யா. தலை சுத்திருச்சு."

ஜெபமணி மூச்சு விட்டார். ஆபீசர் பேனாவை எடுத்தார்.

"எழுதாதீகய்யா!" அன்னத்தாய்க்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது. "எண்ணெய்ல வழுக்கித்தான் விழுந்தாக. பூசுனது நான். போன வருசம் ராமுத்தாயி விழுந்ததும் இதே எண்ணெய்லதான். தலைச்சுத்தல்னு நான் சொன்னது பொய்."

"கேட்டீகளா சார்?" என்று முந்திக்கொண்டார் ஜெபமணி. "அவளே ஒத்துக்கிட்டா. இவளை எண்ணெய் பூசச் சொன்னது யாரு? இன்னைக்கே இவளை நிறுத்திர்றேன்."

ஆபீசர் அதையும் எழுதிக்கொண்டார். பூசச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை.

ஆபீசரின் ஜீப்பிலேயே சீனிச்சாமியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அன்னத்தாய் யாரையும் கேட்காமல் ஏறி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் துடித்தார்.

"ஏன் ஆத்தா சொன்ன? நான்தான் சமாளிச்சேன்ல."

"சொல்லலேன்னா அடுத்த வருசம் இன்னொரு ஆள் விழுவாகய்யா."

"அது சரி. நான் திரும்பி வந்தா அங்கன எனக்கு யாரு இருக்கா?"

அன்னத்தாய் முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். ஆஸ்பத்திரி வருகிறவரைக்கும் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.