கிற்றார்காரருக்கு எத்தனையாவது இடம்

ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தா. மாப்பிள்ளை பக்கத்து நகரமான பிக்கரிங்கில் இருந்தார். எங்கள் இரண்டுபேரின் சாதகங்களையும் பார்த்த, நாங்கள் இருக்கும் மல்வேர்னின் சாத்திரியார் பத்துக்கு ஏழு பொருத்தம் என்றார். யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் வாட்ஸ்அப்பில் ஐந்துதான் என்றார். அதே சாதகங்கள், அதே நட்சத்திரங்கள். தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரே தரவுக்கு இரண்டு விடை வந்தால் எங்கோ பிழை இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியும்.

முதற்சந்திப்பில் மாப்பிள்ளை தன்னைப் பற்றிப் பேசியது குறைவு. ஒரு ரொக் இசைக் கிற்றார்காரரைப் பற்றித்தான் பேசினார். உலகத்திலேயே அவரைப்போல ஒருவரும் இல்லையாம். நான் ரொக் கேட்டு வளர்ந்தவள் இல்லை. ஆளை அறிய வேறு வழி தெரியாமல் கிற்றார்காரரைத் தேடினேன். விருதுகள், கௌரவப் பட்டம், சொந்த ஊரில் அவர் பெயரில் ஒரு தெரு. எல்லாவற்றையும் அட்டவணையில் போட்டேன். இசைச் சஞ்சிகைகளின் தரவரிசையில்தான் இடறியது. ஒன்றில் முதல் ஐந்துக்குள் இருந்தார். இன்னொன்றில் பெயரே இல்லை. முதலில் சொன்ன சஞ்சிகையே சில வருடங்கள் கழித்து அவரை நாற்பதுக்கும் கீழே இறக்கியிருந்தது. அவர் இறந்தது இரண்டு பட்டியல்களுக்கும் முன்னால். செத்தபிறகு ஒருவர் எப்படி மோசமாக வாசிக்கத் தொடங்குவார்?

சனிக்கிழமை, பிக்கரிங் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் என் போனில் மாப்பிள்ளையிடம் அந்த அட்டவணையைக் காட்டினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “ஸோ, உங்கட லிஸ்டில நான் எத்தினையாவது?” என்றார்.

பகிடிதான். ஆனால் அதே அட்டவணையின் அடுத்த பக்கத்தில், அம்மா கொண்டுவந்த மூன்று சம்பந்தங்களும் வரிசையாக இருந்தன. அவர் இரண்டாவது. நான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

“இன்னும் போட்டு முடியேல்லை.”

“அப்ப லோடிங்,” என்று சிரித்தார்.

பிறகு தன் இயர்போனில் ஒன்றை என்னிடம் தந்து ஒரு பாட்டைப் போட்டார். ஓரிடத்தில் கிற்றார்காரரின் விரல் சறுக்குமாம். அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்களாம். தனக்குப் பிடித்தது அந்த இடம்தான் என்றார். எந்தப் பட்டியலிலும் நான் அதைப் பார்க்கவில்லை. மூன்று தரம் போட்டார். மூன்று தரமும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மல்வேர்ன் வரும்போது ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. எத்தனையாவது நிமிடம், செக்கன் என்று அவருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “இது அந்த இடம் இல்லை. ஆனா இங்கயும் சறுக்குது. நான் இவ்வளவு நாளும் கவனிக்கேல்லை.”

வீட்டுக்குள் வந்ததும், சப்பாத்தைக் கழற்ற முதலே, எனக்குச் சம்மதம் என்று அம்மாவிடம் சொன்னேன். எந்தச் சாத்திரியார் சொன்னதை வைத்து என்று அம்மா கேட்டா. தெரியாது என்றேன். அம்மா என்னை ஒருமாதிரிப் பார்த்தா.

அட்டவணையில் அவர் இன்னும் இரண்டாவதாகத்தான் இருக்கிறார். எதை வைத்து மேலே ஏற்றுவது என்று எனக்கு விளங்கவில்லை.