பதிமூன்று டிக்கெட்டும் ஒரு கூழ்க் குடமும்

என் ஓர்ப்படி சிங்கப்பூர் போனபோது அந்த டிக்கெட்டைக் கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். ஓர்ப்படி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. விழுப்புரத்தில் பள்ளிக்கூட டீச்சர். நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடுவது, விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் கடையில் நடக்கும். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் எத்தனையோ பேரை ஏற்றிவிட்டிருக்கிறேன். நான் ஏறியதில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, அவள் வந்து என் கடை ஸ்டூலில் உட்காரும் வரைக்கும்.

"கலர்லயே போட்டுடுமா. புள்ளைங்க ஆல்பத்துல வெச்சிக்கும்" என்றாள்.

போட்டேன். பணம் வேண்டாம் என்று நான் வாய் திறப்பதற்குள் மேசைமேல் வைத்துவிட்டாள். அவளிடம் அதுதான். ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத ஒருத்தியோடு ஒரே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பார்த்தால்தான் என் வயிற்றெரிச்சல் என்னவென்று தெரியும்.

போய்விட்டு வந்தார்கள். அதன்பிறகு காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதற்குப் போனாலும் "பெரியவ சிங்கப்பூர் போனப்ப" என்று பேச்சு ஆரம்பிக்கும். அவள்கூட அவ்வளவு பேசவில்லை. பேசியதெல்லாம் என் மாமியார். மாமனாரும் மாமியாரும் கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போகிற ஊரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். அந்தத் தெருவில் சிங்கப்பூரைப் பற்றி என் மாமியார் வாயால் கேட்காத ஆளில்லை. அவள் வாங்கி வந்த தைலத்தை முட்டியில் தேய்த்துக்கொண்டு, "பெரியவ வாங்கியாந்தது, தொட்டா போதும், வலி ஓடிப்போது" என்பார். நான் வாங்கிக் கொடுத்த முட்டி பெல்ட் அதே அறையில் ஆணியில் தொங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய போட்டோக்களை என் போனில் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், யாரிடமும் என்றில்லாமல் சொன்னார்: "நம்மள எல்லாம் யாரு ஏரோப்ளேன்ல ஏத்தப் போறா."

நான் ஏற்றுவேன் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். பெரியவள் ஏற்றுவதற்கு முன்னால் நான் ஏற்றியாக வேண்டும். சாகும்வரை என் மாமியார், "சின்னவ என்ன ஏரோப்ளேன்ல கூட்டிக்கினு போனா" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம். மற்றபடி எனக்கு வெளிநாட்டில் ஒரு வேலையும் இல்லை.

மலேசியா என்று தீர்மானித்தேன். இப்போது நமக்கு அங்கே விசா கேட்பதில்லை. கடைத்தெருவில் தமிழ் பேசினாலே போதும் என்று போய் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பத்துமலை முருகன் இருக்கிறார் என்றதும் மாமனார் தலையாட்டிவிட்டார். என் கணவர்தான் அலறினார். "எத்தினி பேரு? மாமல்லபுரம் போயிட்டு வரலாம், அதுவும் கடல்தான்."

அவருக்கு என்ன தெரியும்? ஊருக்கெல்லாம் குறைந்த டிக்கெட் பிடித்துக் கொடுக்கிறவள் நான். அரை வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். வாரக் கடைசியில் கிளம்பக் கூடாது. பெட்டி போடுகிற டிக்கெட் எடுக்காமல், ஆளுக்கு ஒரு கைப்பை மட்டும் என்று எடுத்தால் பாதிக்குப் பாதி மிச்சம். ஓட்டலில் நான்கு அறை போடுவதற்குப் பதில் சமையல்கட்டோடு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அரிசியையும் புளிக்காய்ச்சலையும் கையோடு கொண்டுபோய்விட்டால் சாப்பாட்டுக்குச் செலவே இல்லை. பள்ளிக்கூடத்து லீவு, மல்லாட்டை பிடுங்கி முடிகிற நாள், நாத்தனார் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கிற வாரம், எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தூரம் வருகிற தேதி வரைக்கும் பார்த்து ஒரு வாரத்தைப் பிடித்தேன். சிங்கப்பூருக்கு அவர்கள் நான்கு பேர் போனதைவிடக் கொஞ்சம்தான் கூட ஆகும் என்று தெரிந்த அன்று எனக்குக் கடையில் உட்கார முடியவில்லை. எதிரே டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவளை விட்டுவிட்டுத்தான் முதலில் கணக்குப் போட்டிருந்தேன். அவர்கள்தான் போய் வந்துவிட்டார்களே. மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "போனா எல்லாரும் போவணும். பெரியவள உட்டுட்டு நான் மட்டும் எப்டி போவறது?" ஆக, நாத்தனார் வீடு, ஓர்ப்படி வீடு, எங்கள் வீடு, மாமனார், மாமியார் எல்லாம் சேர்த்துப் பதிமூன்று டிக்கெட். ரத்து செய்தால் பணம் வராது, பேரை மாற்ற முடியாது. இருப்பதிலேயே விலை குறைந்த டிக்கெட் அப்படித்தான் இருக்கும். போனில் விவரம் சொன்னபோது அவள், "சூப்பரா பிளான் பண்ணிருக்கமா. எனக்கு இதெல்லாம் வராது" என்றாள். அவள் பாராட்டினாலும் எனக்கு எரியும்.

எல்லாவற்றையும் பார்த்த நான் ஒன்றைப் பார்க்கவில்லை. ஊர்த் திருவிழா.

எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற சாகை வார்த்தல் திருவிழா நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. இரண்டு தெருக்காரர்களுக்குள் முதல் மரியாதைச் சண்டை. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கோயிலில் திருவிழா பார்த்ததே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே என் புத்தியில் ஏறவில்லை. நாங்கள் கிளம்ப இன்னும் ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், இரண்டு தெருவும் ராசியாகி, இந்த வருஷம் சாகை வார்ப்பதாகத் தண்டோரா போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காப்பு. அடுத்த வெள்ளி கூழ். எங்கள் விமானம் நடுவில் வருகிற செவ்வாய்க்கிழமை.

காப்பு கட்டிவிட்டால் கூழ் ஊற்றி முடிகிறவரை ஊர்க்காரர்கள் இரவு வெளியூரில் தங்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு புருஷன் பெண்டாட்டியாவது இருந்தாக வேண்டும். அந்தப் பெண்தான் அந்த வீட்டுக் கூழ்க் குடத்தை வேப்பிலை சுற்றித் தலையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய் அங்கிருக்கிற பெரிய கொப்பரையில் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது மாமியாரின் குடம்.

குடும்பமே ஊர் வீட்டில் கூடியது. மாமியார் ஒரு மூலையில் உட்கார்ந்து, "எனக்குக் கொடுப்பின இல்ல, உடுங்க" என்றார். மாமனார், கோயில் தர்மகர்த்தாவைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். "புள்ளையும் மருமவளும் வந்து ஊட்ல குந்தினா நாங்க போலாமாம். ஆனா காப்பு கட்றதுக்கு முன்னாடி எல்லையத் தாண்டிடணும்" என்றார்.

யார் உட்காருவது? என் மனசுக்குள் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'நீங்கதான் ஏற்கெனவே போயிட்டு வந்துட்டீங்களேக்கா.' அதை எப்படி நோகாமல் சொல்வது என்று நாக்கில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "நீங்க போங்கத்த. நாங்க ரெண்டு பேரும் வந்து இருந்துக்குறோம். நாங்கதான் போயிட்டு வந்துட்டமே, ப்ளேன்ல புதுசா பாக்கறதுக்கு இன்னா இருக்குது? புள்ளைங்கள மட்டும் தங்கச்சி கூட்டிக்கினு போவட்டும்" என்று என்னைக் காட்டினாள்.

அட்சரம் பிசகாமல் அதே வாக்கியம். என் வாயிலிருந்து வந்திருந்தால் அது அற்பத்தனம். அவள் வாயிலிருந்து வந்ததும் மாமியார் எழுந்து போய் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "காபி போடுமா" என்றார்.

காப்பு கட்டுகிற வெள்ளிக்கிழமை காலை மாமனார் மாமியாரைத் திண்டிவனத்துக்கு அழைத்துவரப் போனேன். பைகளை மல்லாட்டை மூட்டை நிறுக்கிற கொக்கித் தராசில் மாட்டினேன். மாமியார் பை கனம் அதிகம். திறந்தால் உள்ளே ஒரு பொட்டலம் கேப்பை மாவு.

"இது எதுக்கு அத்த?"

"வெள்ளிக்கெழம அங்கயும் ரெண்டு வாய் கூழ் காச்சணும்ல. பெரியவ இங்க காச்சும்போது நான் அங்க சும்மா குந்திக்கினு இருப்பனா?"

மாவை எடுத்து வெளியே வைத்தேன். அவர் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, பயணத்துக்கென்று நான் எடுத்துக் கொடுத்த புதுப் புடவையை எடுத்துக் கொடியில் போட்டார். தராசு சரியாக நின்றது.

வேன் கிளம்பியபோது ஓர்ப்படி மஞ்சள் புடவையில் வாசலில் நின்று கையாட்டினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. ஏரோப்ளேன் ஏறப் போகிறவர்களை யாரும் பார்க்கவில்லை. லீவும் அதுவுமாக விழுப்புரத்திலிருந்து வந்து மாமியார் வீட்டில் விரதம் இருக்கிற டீச்சரைத்தான் பார்த்தார்கள்.

விமானத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். தரையைவிட்டு எழும்பும்போது என் மாமியாரின் முகம். குறைந்த டிக்கெட்டில் இடத்தை நாம் கேட்க முடியாது. அவர்களாகப் போட்டுக் கொடுப்பார்கள். பதினோரு பேரையும் ஆளுக்கொரு மூலையில் போட்டிருந்தார்கள். எனக்குக் கடைசி வரிசை, பாத்ரூம் பக்கம். மாமியார் எங்கோ முன்னால் ஜன்னலோரம், பக்கத்தில் ஓர்ப்படியின் மகள். இறங்கிய பிறகு அந்தப் பெண்தான் சொன்னாள். "சித்தி, ஆயா செம்ம பயம். என் கைய புடிச்சிக்கினே வந்துச்சி. அப்பறம் மேகத்தப் பாத்துட்டு சிரிச்சிச்சி." சிரித்ததாம். அதையும் நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

குறை சொல்லக் கூடாது, என் திட்டம் ஒன்றுகூடப் பிசகவில்லை. வீடு நன்றாக இருந்தது. புளிக்காய்ச்சல் கடைசி நாள்வரை வந்தது. பத்துமலைப் படியில் மாமியாரை மேலே ஏற்றிவிட்டோம். அங்கே கண்ணை மூடிக்கொண்டு நிறைய நேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"பெரியவ தனியா கெடக்குறா. நல்லபடியா கொடத்த எறக்கி வெக்கணும்னு வேண்டிக்கினேன்."

வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் இரட்டைக் கோபுரம் என்று வைத்திருந்தேன். விளக்குப் போடுகிற நேரத்தில் கீழே பூங்காவில் நின்று பார்த்தால்தான் அழகு. காசும் கிடையாது. அதற்காகவே எல்லோரையும் வெயில் இருக்கும்போதே குளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஊரிலிருந்து வீடியோ கால் வந்தது. அங்கே குடம் கிளம்புகிற நேரம். மாமியார் காய்ச்சி வைத்திருந்த கூழ்ச் சட்டியைத் தரையில் வைத்து, போனை அதன் எதிரே நிறுத்தி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாமனார் உட்கார்ந்தார். நாத்தனார், பிள்ளைகள், என் கணவர் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்தச் சின்னத் திரையில் பம்பைச் சத்தம். ஈரப் புடவையில் தலையில் குடத்தோடு ஓர்ப்படி நடந்து வந்தாள். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார்.

"டைம் ஆவுதுங்க, ஜல்தி கிளம்புங்க" என்றேன் கணவரிடம்.

"இரு, பேஜாரு பண்ணாத. அண்ணி கொடத்த எறக்கட்டும்."

இறக்கி, கொப்பரையில் ஊற்றி, எல்லோருக்கும் வார்த்து முடிகிற வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கோபுரத்தை நாங்கள் பார்க்கவேயில்லை. கேப்பைக் கூழை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தேன். நன்றாகவே இருந்தது என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

திரும்பி வந்த மறுநாள் ஊர் வீட்டில் கூட்டம். மாமியார் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் சாக்லேட் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்து வந்தேன். காது மட்டும் அவர் பக்கம். எந்த நிமிஷமும் அந்த வாக்கியம் வரும். அரை வருஷமாக அதற்காகத்தானே கம்ப்யூட்டர் முன்னால் கண் பூத்துக் கிடந்தேன்.

"ஏரோப்ளேன்லாம் ஏறிட்ட போல" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"எல்லாம் பெரியவ புண்ணியம். அவ வந்து ஊட்ல குந்திக்கினு, கொடத்த எடுத்து, 'நீங்க போங்கத்த'ன்னு அனுப்பிச்சா. அவ அனுப்பிச்சுதான் நான் மலேசியா பாத்தேன். அடுத்த வருஷத்துலேருந்து இந்த ஊட்டுக் கொடம் அவளுதுதான்னு சொல்லிட்டேன்."

"ஐயோ அத்த, நான் ஒண்ணும் பண்ணல. எல்லாம் தங்கச்சிதான் பண்ணிச்சி" என்றாள் ஓர்ப்படி.

"பாரு, எப்டி அடக்கமா பேசுறா" என்றார் மாமியார்.

தட்டு எதிர்வீட்டு அம்மாவிடம் வந்திருந்தது. ஒரு சாக்லேட்டை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தவர், என்னை நிமிர்ந்து பார்த்து அன்பாகத்தான் கேட்டார்.

"நீயும் கூடப் போயிருந்தியாம்மா?"

"ஆமாங்க. நானும் போயிருந்தேன்" என்றேன்.